படம் ஓடும்போது மணி நிற்கும்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. போட்டோவை உள்ளே வைங்க, ஒரு தடவை பார்த்தா போதும். இவரை எனக்குத் தெரியாதா? லோகநாதன்னா பேரு? நாங்க ஐடி கார்டு சார்னுதான் சொல்லுவோம். கழுத்துல நீல நாடா தொங்கும், அட்டையை மட்டும் சட்டைப்பைக்குள்ள சொருகி வச்சிருப்பார். நீங்க அண்ணனுங்களா? சாயல் இருக்குது. மூக்கு அப்படியே.

எங்கே போயிருக்கார்னு எனக்குத் தெரியும். சொல்றேன். சொல்லாம அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? ஆனா முதல்ல என் நியாயத்தைக் கேட்டுட்டுப் போங்க. அப்புறம்தான் இடத்தைச் சொல்லுவேன்.

முறைக்காதீங்க. வீட்டாளுக இந்தப் படியேறி வர்றது எதுக்குன்னு எனக்குத் தெரியும் சார். கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு அம்மா வந்தாங்க. 'எம் பையன் இங்கே இருக்கானுங்களா'ன்னு நல்லாத்தான் கேட்டாங்க. நானும் நல்லவனாட்டம் சுவரோரச் சீட்டைக் காட்டினேன். பையனைக் காதைப் பிடிச்சு எழுப்பிக்கிட்டு வந்து, இதோ இந்த வாசல்ல நின்னு, கீழே பேக்கரிக்கு வந்தவனெல்லாம் மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி என்னைப் பேசினாங்க பாருங்க, என் ஆயுசுல அப்படிப் பேச்சு வாங்கினதில்லை. அன்னைக்கு முடிவு பண்ணினேன். ஆளைக் காட்டிக் குடுத்ததுக்கப்புறம் நம்ம பேச்சை ஒருத்தனும் கேட்கமாட்டான். சரக்கை முதல்லயே கையில குடுத்துட்டு அப்புறம் எதை வச்சுப் பேரம் பேசறது?

நான் முத்துரத்தினம் சார். கேம் சென்டர் வச்சிருக்கான்னு பார்த்து ஏதோ படிச்சவன்னு நினைச்சுடாதீங்க. இதே கரூர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, சாக்கை விரிச்சு, மில்லுல கழிச்சுப்போட்ட பெட்ஷீட் செகண்ட்ஸ் வித்தவன். மில்காரன்கிட்ட வாங்கும்போது ஒரு பேச்சு, விக்கும்போது ஒரு பேச்சு. அடி வாங்கியிருக்கேன், ஏமாந்திருக்கேன், ஒரு தடவை நூல் பிரிஞ்ச மூட்டையைத் தலையில கட்டிட்டாங்கன்னு மில்லு வாசல்லயே படுத்திருக்கேன். அதுல ஒண்ணு கத்துக்கிட்டேன். ஒருத்தன் கதையை ஆரம்பிச்சான்னா அவன் விலையை ஏத்தப்போறான்னு அர்த்தம். 'அண்ணே, எங்க வீட்டுல ஒரு சங்கதி'ம்பான். நிறுத்துன்னுருவேன். விலையைச் சொல்லு, அப்புறம் சங்கதியைச் சொல்லு. இதுவரைக்கும் அப்புறம் சங்கதி சொன்னவன் எவனும் கிடையாது.

என்ன? போனை வீட்டிலேயே வச்சுட்டாரா? சரி. மோதிரத்தையுமா? கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தாரா. அதுக்கு ஏன் சார் இவ்வளவு பதட்டம்? கேம் ஆடறவங்க மோதிரத்தைக் கழட்டி வைக்கிறது வழக்கம்தான். கை வேர்க்கும், பட்டன் வழுக்கும். நீங்க டீ குடிக்கிறீங்களா? கீழே சொன்னா மேலே வந்துரும். வேண்டாமா. சரி.

வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். உங்க தம்பியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அந்தப் படத்தைப் பத்திச் சொல்லணும்.

நீங்க கேம் ஆடினதில்லையே? நல்லது. ஓடறது, குதிக்கிறது, சுடறது, இதுதான் கேமுன்னு நினைச்சுத்தான் நான் கடையைப் போட்டேன். அப்புறம்தான் இந்தக் கதை கேமுன்னு ஒரு சனியன் இருக்கறது தெரிஞ்சது. நல்லாச் சுட்டுக்கிட்டே போவோம். திடீர்னு கையில இருக்கற பட்டனெல்லாம் செத்துப்போகும். திரையில படம் ஓட ஆரம்பிச்சுடும். அவன் பேசுவான், இவ அழுவா, மழை பெய்யும், எவனோ ஒருத்தன் ஜன்னல் வழியா வெளியே பார்த்துக்கிட்டே நிப்பான். சில கேம்ல ஒரு பட்டனை அமுக்கினா அதைத் தாண்டிப் போயிடலாம். இதுல முடியாது. எதை அமுக்கினாலும் நகராது. செஞ்சவன் பூட்டியே வச்சிருக்கான். முழுசாப் பார்த்தே தீரணுமாம். எவன் வீட்டு நேரம் சார் அது? காசு குடுத்தவன் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும், கடை போட்டவன் ஏச்சு வாங்கணும்.

ஆமா, ஏச்சுதான். இங்கே மணிக்கணக்குக்குத்தான் சீட்டு. காலேஜ் பசங்க வந்து உட்காருவானுக. எழுந்திரிக்கும்போது சண்டை. 'அண்ணா, பாதி நேரம் படம்தான் ஓடுச்சு, நாங்க எங்கே ஆடினோம்?' 'நானாடா படம் எடுத்தேன்?' 'எடுத்தவன்கிட்டப் போயாண்ணா கேட்க முடியும்? உங்களைத்தான் கேட்கணும்.' 'என்னைக் கேட்டா சட்டையைத்தான் பிடிப்பேன்.' பிடிச்சேன். நீங்க முதல்ல உட்காரப் போனீங்களே, அந்த நாற்காலிக்குக் கால் போனது அன்னைக்குத்தான்.

அப்புறம் கீழே பேக்கரிக்காரர் வந்து நடுவுல உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் ஆச்சு. படம் வந்தா ஆடறவன் கையைத் தூக்கணும். நான் இங்கே மணியை நிறுத்திருவேன். படம் முடிஞ்சா கையை இறக்கணும், மணி ஓடும். இந்த ஊர்ல வேற எவன் கடையிலயும் இந்த வழக்கம் கிடையாது. என் கடையில மட்டும்தான். வந்து பார்த்தவனெல்லாம் சிரிப்பான். பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்கு விடச்சொல்ற மாதிரி ஆளாளுக்குக் கையைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பானுக. ஆனா சண்டை நின்னுபோச்சு.

நின்னுபோச்சுன்னு நினைச்சேன். உங்க தம்பி வந்தார்.

மழைக்காலம் முடிஞ்ச சமயம். காலையில ஷட்டரைத் தூக்கறேன், படியில நிக்கறார். தேய்ச்ச சட்டை, சாப்பாட்டுப் பை, கழுத்துல நாடா. 'கேம் ஆடலாங்களா?' 'காசு குடுத்தா ஆடலாம்.' சொன்ன காசைக் குடுத்தார் சார். ஒரு வார்த்தை குறைச்சுக் கேட்கலை. பேரம் பேசாத ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒண்ணு முட்டாள், இல்லைன்னா நம்மளை முட்டாளாக்க வந்தவன். தினமும் ஆபீஸ் நேரத்துக்கு வருவார், ஆபீஸ் விடற நேரத்துக்குப் போவார். மத்தியானம் அந்த மூலையில திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். ஆபீசை ஏமாத்திட்டு வர்ற ஆளுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

என்னங்க? வேலையை விட்டு எடுத்துட்டாங்களா? தீபாவளிக்கு முன்னாலயேவா? வீட்டுல சொல்லலையா? அதுதான் தினமும் சாப்பாட்டோட... ம். சரி. அது உங்க குடும்பத்துச் சங்கதி. என் கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

எங்கே விட்டேன்? ஆங். அந்தக் கேமை ஆடிக்கிட்டே வந்தார். ஒரு நாள் ஒரு படம் வந்தது. கையைத் தூக்கினார், மணியை நிறுத்தினேன். நீளமான படம். முடிஞ்சது, கையை இறக்கினார். கொஞ்ச நேரத்துல மறுபடியும் கையைத் தூக்கறார். எட்டிப் பார்த்தா அதே படம். இந்தக் கேம்ல எங்கே வரைக்கும் ஆடினோமோ அதைச் சேவ் பண்ணி வச்சுக்கலாம். இவர் அந்தப் படத்துக்கு முன்னால சேவ் பண்ணி வச்சுக்கிட்டு, முடிய முடியத் திரும்பிப் போய் அதையே போடறார். மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே. காலையில வந்து கையைத் தூக்கினார்னா சாயங்காலம் வரைக்கும் கை மேலேயே இருக்கும். வலிச்சா மத்தக் கையைத் தூக்குவார். மணி நின்னது நின்னதுதான்!

புரியுதுங்களா என்ன பண்ணினார்னு? என் ஒப்பந்தத்தை வச்சே என்னைக் கவுத்துட்டார். ஏசி ஓடுது, கரண்டு ஓடுது, சீட்டு நிறைஞ்சிருக்குது, மணி மட்டும் ஓடலை. பெட்ஷீட் வியாபாரத்துல எத்தனை கில்லாடிகளைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு கில்லாடியைப் பார்த்ததில்லை. உள்ளுக்குள்ள மெச்சிக்கிட்டேன்னுகூடச் சொல்லலாம். ஆனா விடுவேனா?

போய்க் கேட்டேன். 'ஏனுங்க சார், அந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்குது?'

அவர்தான் சொன்னார், அதுல பேசறது எனக்குப் புரியாது. ஒருத்தன் வீட்டுக் கதவைச் சாத்திட்டுக் கிளம்பறான். நடந்துகிட்டே ஒவ்வொண்ணாக் கழட்டிப் போடறான். துப்பாக்கி, பெல்ட்டு, பூட்சு. கைவிட்ட கல்குவாரி ஒண்ணு. அடியில பச்சையாத் தண்ணி. அதோட விளிம்புல போய் நிக்கறான். நிக்கறான் சார், சும்மா நிக்கறான். அதை ஒரு படமா எடுத்து நம்ம உசுரை வாங்கறான். அப்புறம் பின்னால இன்னொருத்தன் வர்றான், அவனோட அண்ணன். கிட்டே வரமாட்டான். தூரத்துலயே கல்லு மேல உட்கார்ந்துக்கிட்டு சம்பந்தா சம்பந்தமில்லாமப் பேசுவான். சின்ன வயசுல நாய் வளர்த்தது, அப்பனுக்குத் தெரியாம சைக்கிள் எடுத்தது. ஏன் இங்கே நிக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்கமாட்டான். பேசிக்கிட்டே இருப்பான். கடைசியில விளிம்புல நின்னவன் திரும்பி வந்து பக்கத்துல உட்காருவான். அவ்வளவுதான். உடனே சண்டை ஆரம்பிச்சுடும்.

'இவ்வளவுதானா? அதான் ஒரு தடவை பார்த்தாச்சே?'

'ஆமாங்க. பார்த்தாச்சுங்க.'

'அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப?'

'அவர் வந்து உட்கார்றாரு பாருங்க... அதுக்காக.'

'அவன் வந்து உட்கார்றதுக்கு நான் கரண்டு பில் கட்டணுங்களா?'

சிரிச்சார். உங்க தம்பி சிரிச்சு நான் பார்த்தது அப்பத்தான். 'முத்துரத்தினண்ணா, எனக்கு ஒரு அண்ணன் இருக்கார்'னு ஆரம்பிச்சார். எனக்குத் தெரியாதா? கதை ஆரம்பிக்குது, அடுத்தது சலுகை கேட்பான். 'சார், அண்ணன் கதையெல்லாம் அப்புறம். இனிமே ஒரு படத்துக்கு ஒரு தடவைதான் மணி நிக்கும். சரியா இல்லையா, அதைச் சொல்லுங்க'ன்னேன். தலையாட்டினார். திரும்பிக்கிட்டார்.

உங்களைப் பத்தி என்ன சொல்ல வந்தாரா? அது எனக்கு எப்படித் தெரியும் சார்? ஆரம்பத்திலேயே நிறுத்திட்டேனே. இதென்ன, ஆம்பளை கண்ணைத் துடைச்சுக்கிட்டு. தண்ணி குடிங்க. குடிங்க சார், நல்ல தண்ணிதான்.

எந்தப் பக்கம் போனார்னு மட்டும் சொன்னாப் போதுமா? அதுதான் கூடாதுங்கறேன். அதைச் சொன்னா நீங்க எழுந்துடுவீங்க. இன்னும் கொஞ்சம்தான் இருக்குது. என் தப்பு இதுல ஒண்ணும் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியணும், நாளைக்கு நீங்க உங்க தம்பி சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கக்கூடாது.

ஒரு தடவைதான்னு சொன்னேன், கேட்டாரா? மறுநாளும் கை மேலே. மணியை நான் நிறுத்தலை. ஓடுதுன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும் கையை இறக்கலை. சாயங்காலம் கேட்ட காசைக் குடுத்துட்டுப் போறார்! அது எனக்கு இன்னும் கோவத்தைக் கிளப்பிடுச்சு. மத்த பசங்க பார்க்கறானுக சார். 'அண்ணா, அந்த ஆளு கையைத் தூக்கியே இருக்காரு, மணி ஓடுது, ஒப்பந்தம் என்னாச்சு'ன்னு கேட்கறானுக. ஒரு ஆளுக்கு ஒரு ஞாயம் வச்சா கடை நடத்த முடியாது. அதனால நேத்து சாயங்காலம் அவர் போனதும் ஒரு வேலை பண்ணினேன்.

அவர் சீட்டுல நானே உட்கார்ந்தேன். அந்தப் படத்தை ஓடவிட்டேன். தாண்ட முடியாதே! பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் பேசினேன், கல்லாவைத் துடைச்சேன், இது பாட்டுக்கு ஓடுது. ஒருவழியா முடிஞ்சு சண்டை ஆரம்பிச்சதும் அந்த இடத்துல புதுசா ஒரு சேவ் போட்டேன். அதுக்கு முன்னால இருந்ததை அத்தனையும் அழிச்சேன். இனிமே அந்தக் குவாரிக்குத் திரும்பப் போக வழி கிடையாது. அண்ணன்காரனும் கிடையாது, கல்லும் கிடையாது. நேரா சண்டைதான். எப்படி என் வேலை?

இன்னைக்குக் காலையில வந்தார். சாப்பாட்டுப் பை இல்லை. நாடாவும் இல்லை, இப்போ நீங்க கேட்கும்போதுதான் அது ஞாபகம் வருது. உட்கார்ந்தார். தேடினார். ரொம்ப நேரம் தேடினார். நான் இங்கே இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், உள்ளுக்குள்ள ஒரு குஷி. அப்புறம் தேடறதை நிறுத்திட்டார். திரையில ஆளுக வந்து அவரோட ஆளைச் சுடறானுக, இவர் பட்டனைத் தொடலை. செத்து விழறான், மறுபடி எழுந்திரிக்கறான், மறுபடி சுடறானுக. அப்படியே உட்கார்ந்திருக்கார்.

திடீர்னு கையைத் தூக்கினார்.

படமே ஓடலை சார். 'படம் இல்லாம எதுக்குங்க சார் கை? இறக்குங்க'ன்னேன். இறக்கலை. கடையில நாங்க ரெண்டு பேர்தான், பள்ளிக்கூடம் விட்டாத்தான் இங்கே கூட்டம். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. கிட்டப் போய் நானே கையைப் பிடிச்சு இறக்கிவிட்டேன். சில்லுனு இருந்தது. ஏசியைக் குறைச்சேன்.

'அந்த இடம் காணோங்க'ன்னார்.

'அழிச்சாச்சுங்க. வேணும்னா முதல்ல இருந்து ஆடிட்டு வாங்க. அதுக்குக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர்றேன்.'

நானே இறங்கி வந்தேன் பாருங்க! அவர் கேட்காமலே நான் குறைச்சேன். என் வியாபாரத்துல நடக்காத சங்கதி.

'அவ்வளவு நேரம் இல்லீங்கண்ணா'ன்னார்.

நேரம் இல்லைங்கறது எல்லாரும் போடற பிட்டுதான் சார். நேரம் இல்லைம்பான், அரை மணி நின்னு பேசுவான். நான் மசியலை. 'அது உங்க இஷ்டம்'னேன்.

எழுந்து வந்து இதோ இப்போ நீங்க உட்கார்ந்திருக்கற நாற்காலியில உட்கார்ந்தார். 'அண்ணா, இந்தப் பக்கம் அந்த மாதிரி குவாரி ஏதாச்சும் இருக்குதுங்களா, தண்ணி நின்னது?'ன்னு கேட்டார். நம்ம ஊருல குவாரிக்கா பஞ்சம்? வேலை நடக்கற குவாரின்னா உள்ளே விடமாட்டான், லாரி வந்துக்கிட்டே இருக்கும். 'வெள்ளக்கல் குவாரி இருக்குது, கைவிட்டு வருஷமாச்சு, தண்ணி நிறையக் கிடக்குது, ஒரு ஈ காக்கா வராது'ன்னு சொன்னேன். போட்டோ எடுக்கத்தான் கேட்கறார்னு நினைச்சேன். இப்போ எல்லாரும் அதுக்குத்தானே போறானுக.

போன் இல்லையே அவர்கிட்ட... ம்.

அட, கேமரா ஏதாச்சும் வச்சிருப்பார்.

இருங்க, இருங்க, அதான் சொல்லிட்டேனே, வெள்ளக்கல் குவாரி. கத்தாதீங்க சார்! நான் என்ன ஒளிச்சா வச்சேன்? தென்னிலை ரோட்டுல போய் இடது பக்கம் மண் பாதை பிரியும். பஸ்ஸெல்லாம் போகாது. அவருக்கும் அதைத்தான் சொன்னேன். சொன்னது மட்டுமில்லை, ஜன்னல்ல நின்னு நானே ஆட்டோவைக் கூப்பிட்டேன். மயில்சாமின்னு, கீழே ஸ்டாண்டுல நிக்கறவன். அவன் வாய்க்கு வந்த ரேட்டைச் சொன்னான். உங்க தம்பி சரின்னு தலையை ஆட்டறார்! விட்டேனா? என்னை ஏமாத்தின ஆளுதான், இருந்தாலும் என் கண்ணு முன்னால ஒருத்தன் ஏமாறலாமா? இங்கே இருந்தே அவனைப் பிடிபிடின்னு பிடிச்சுப் பாதியாக் குறைச்சேன்.

எப்போ போனாரா? இப்பத்தான் சார். நீங்க படியேறும்போது கீழே ஒரு ஆட்டோ திரும்பியிருக்குமே, பின்னால மஞ்சத் தார்ப்பாய் போட்டது. அதுலதான் உங்க தம்பி உட்கார்ந்திருந்தார். நீங்கதான் போட்டோவைப் பார்த்துக்கிட்டே ஏறி வந்தீங்க.

சார்... சார், பார்த்து இறங்குங்க, படி குறுகல்! மயில்சாமியைத் தேடாதீங்க, அவன் அங்கே நிக்கமாட்டான்! போக வரப் பேசினா இன்னும் குறைப்பான்னு எவ்வளவோ சொன்னேன் சார், உங்க தம்பிதான் போறதுக்கு மட்டும் போதும்னுட்டார்!